ரத்தத்தில் ஓடாத கலை

(குந்தாரப்பள்ளியில் ‘7ஆம் அறிவு’ திரையிடலுக்குப் பிறகு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிக்கிழமையாக இருந்தால், சந்தைக்கு வந்த ஆடுகளின் சத்தத்தில் இந்தக் கூட்டுரோட்டில் யார் பேசுவதும் காதில் விழாது. இன்று ஞாயிறு. ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் பாதிப்பேர். இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் மீதிப்பேர். அதற்கு நடுவில் இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஒன்றையும் பார்த்து முடித்திருக்கிறீர்கள். அந்தப் படத்தைப் போல இழுக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விளக்கைப் போட்டதும் பின்வரிசையில் ஒரு தோழர் சொன்னார்: “முதல் இருபது நிமிஷம் ஒரு படம், அப்புறம் வேற படம், கடைசியில இன்னொரு படம்.” இதைவிடச் சுருக்கமாக ஒரு விமர்சனத்தை எழுத முடியாது. 2011 தீபாவளிக்கு வெளியானபோதும் பலர் இதையேதான் சொன்னார்கள். தொடக்கம் அபாரம், நடுவில் தொய்வு, முடிவில் அவசரம். திரைக்கதையில் கவனம் போதவில்லை என்று விமர்சகர்கள் அதை ஒரு தொழில்நுட்பக் குறையாக எழுதி முடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு படம் எதற்கு நேரம் ஒதுக்குகிறது, எதைத் தாண்டிக் குதிக்கிறது என்பதில் அந்தப் படத்தின் நம்பிக்கை இருக்கிறது. இன்றைக்கு என் பேச்சு அதைப் பற்றித்தான்.

படத்தின் ஓட்டத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பல்லவ இளவரசனான போதிதர்மன் காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போகிறான். அங்கே ஒரு கிராமத்தைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றுகிறான், கொள்ளைக்காரர்களை விரட்டுகிறான், மக்களுக்குச் சண்டைக்கலை கற்றுக்கொடுக்கிறான், அங்கேயே இறக்கிறான். சூர்யாவின் உழைப்பு அந்தப் பகுதியில் தெரிகிறது. அதற்குப் பிறகு இன்றைய சென்னை, சர்க்கஸ், காதல், பாட்டு. ஆராய்ச்சி மாணவி சுபா, சர்க்கஸ் கலைஞன் அரவிந்தைத் தேடி வருகிறாள். அவன் போதிதர்மனின் வம்சம் என்பதால், அவனது மரபணுவில் உறங்கிக்கொண்டிருக்கும் ஆற்றலைத் தட்டியெழுப்பலாம் என்பது அவளது ஆய்வு. சீனாவிலிருந்து டாங் லீ வருகிறான். அதன்பிறகு துரத்தல், துரத்தல், மேலும் துரத்தல். கடைசியில் அரவிந்துக்கு ஆய்வகத்தில் சிகிச்சை நடக்கிறது. எழுந்து வருகிறான், அடிக்கிறான், ஜெயிக்கிறான்.

இதில் என்ன இல்லை? பயிற்சி இல்லை. தற்காப்புக் கலையைப் பற்றிய படத்தில் கதாநாயகன் ஒருநாள்கூட அந்தக் கலையைக் கற்றுக்கொள்வதில்லை. அவனுக்கு வாத்தியார் கிடையாது. காலடி பழகி விழுந்து எழுவது கிடையாது. முட்டி வீங்கிய ஒரு ராத்திரிகூடக் கிடையாது. படத்தில் அந்தக் கலையை உடம்பில் சுமந்து வருபவர் வில்லன்தான். அந்த வேடத்தில் நடித்த ஜானி ட்ரை நுயென் வியட்நாமில் பிறந்த அமெரிக்கர், ஹாலிவுட்டில் ஸ்டண்ட் கலைஞராக வேலை பார்த்தவர். அவர் ஒரு காலை உயர்த்தும்போது பத்து வருஷப் பழக்கம் தெரிகிறது. ஆனால் கதை நம்மை யாருக்குக் கைதட்டச் சொல்கிறது? கற்றவன் தோற்கிறான், பிறந்தவன் ஜெயிக்கிறான். படத்தின் நடுப்பகுதி ஏன் காலியாகக் கிடக்கிறது என்றால் காரணம் இதுதான். பயிற்சி இருக்கவேண்டிய இடத்தில் இந்தக் கதைக்குச் சொல்ல எதுவும் இல்லை. எல்லாம் ரத்தத்திலேயே இருக்கிறது என்றால் பழகுவதற்கு என்ன இருக்கிறது? அதனால்தான் அங்கே பாட்டும் துரத்தலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஒரு படம் உண்டு. 1978இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ‘ஷாவோலினின் 36ஆவது அறை’. லாவ் கர்-லியுங் இயக்கி, கோர்டன் லியு நடித்தது. ஆட்சியாளர்களின் கொடுமையிலிருந்து தப்பி ஷாவோலின் மடத்துக்கு வரும் ஒரு மாணவன், எடுத்த எடுப்பில் உச்சியறைக்குப் போகப் பார்த்து விரட்டப்படுகிறான். முதல் அறையிலிருந்து தொடங்குகிறான். தண்ணீரில் மிதக்கும் கட்டைகள்மேல் கால்வைத்துத் தாண்டினால்தான் சாப்பாடு. அதில் விழுகிறான், மறுபடி விழுகிறான். கைகளில் கத்தியைக் கட்டிக்கொண்டு வாளிகளில் தண்ணீர் சுமக்கிறான். படத்தின் பெரும்பகுதி இந்தப் பயிற்சிதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒருவனை அவ்வளவு நேரம் பார்க்கிறோம், அலுப்பதில்லை. ஏனென்றால் மெஷின் முன்னால் நின்று கை பழகிய எல்லோருக்கும் அந்த நேரம் தெரியும். 35 அறைகளையும் முடித்தபிறகு அவன் என்ன கேட்கிறான்? மடத்துக்கு வெளியே, சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுக்க 36ஆவதாக ஓர் அறை வேண்டும் என்கிறான். ஒரு சண்டைப் படத்தில் நான் பார்த்த மிகப்பெரிய அரசியல் கோரிக்கை அது. கலையைக் கதவுக்கு வெளியே கொண்டுவா என்பது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். போதிதர்மர் தமிழர் என்றும், காஞ்சிப் பல்லவ இளவரசர் என்றும், குங்ஃபூவை உருவாக்கியவர் என்றும் இந்தப் படம் வந்தபிறகு நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம். சான்றுகள் அவ்வளவு நேராக இல்லை. கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்ஷி எழுதிய லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றிய நூல், போதிதர்மரைப் பாரசீக நாட்டிலிருந்து வந்த துறவி என்கிறது. அவரது மாணவர் வட்டத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் டான்லின், தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறார். 645 வாக்கில் டாவ்சுவான் எழுதிய துறவியர் வரலாற்றில் அவர் தென்னிந்தியப் பிராமணர் ஆகிவிடுகிறார். கவனியுங்கள், நூறு ஆண்டுகளில் ஒரு துறவிக்குப் பிறப்பு எப்படி மாறி மாறி எழுதப்படுகிறது என்று. காஞ்சியும் பல்லவமும் இந்த மூன்றிலும் இல்லை.

குங்ஃபூ விஷயமும் இப்படித்தான். போதிதர்மர் எழுதியதாகச் சொல்லப்படும் ‘யிஜின்ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில் உருவானது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஷாவோலின் மடத்தின் வரலாற்றை 2008இல் நூலாக எழுதிய மெய்ர் ஷஹார் இதை விரிவாகப் பேசுகிறார். மடத்துத் துறவிகள் போரில் இறங்கியதற்கான பழைய கல்வெட்டுச் சான்று 621ஆம் ஆண்டு நிகழ்வைச் சொல்கிறது. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த ஆயுதம் எது தெரியுமா? கம்பு. நம்முடைய சிலம்பக் கம்பு மாதிரி ஒரு மரக் கம்பு.

அந்தக் கம்புக்கு ஒரு கதை இருக்கிறது, இன்றைய பேச்சுக்கு மிகவும் பொருத்தமானது. 1560களில் யூ டாயூ என்ற மிங் படைத்தளபதி ஷாவோலினுக்குப் போகிறார். அங்கே துறவிகள் கம்பு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, உங்கள் பழைய கலை உங்களிடமே இல்லையே என்கிறார். இரண்டு துறவிகளைத் தம்மோடு அழைத்துப்போய் மூன்று ஆண்டுகள் பழக்குகிறார். அவர்கள் திரும்பிவந்து மற்றவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பெயர் பெற்ற மடமே மறந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த ஒரு சிப்பாய் சொல்லிக்கொடுத்துத்தான் மீண்டது. கலை உடம்பில் இருக்கிறது. அந்த உடம்பு பழகுவதை நிறுத்தினால் போய்விடும். வேறோர் உடம்பு பழகினால் அங்கே வந்துவிடும். அதற்கு வம்சம் தெரியாது.

சென் பௌத்த மரபே இதைத்தான் சொல்கிறது. போதிதர்மருக்குப் பிறகு ஹுயிகே, செங்சான், டாவ்சின், ஹொங்ரென், ஹுயினெங் என்று அந்த மரபு எண்ணப்படுகிறது. இது தந்தை மகன் வரிசை கிடையாது, ஆசிரியர் மாணவர் வரிசை. ஆறாமவரான ஹுயினெங் தெற்கிலிருந்து வந்த விறகு விற்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறது மரபு. மடத்துக்குள் நுழைந்தபோது, தெற்கத்திக் காட்டுமிராண்டி நீ எப்படிப் புத்தனாவாய் என்று அவரிடம் கேட்கப்படுகிறது. மனிதர்களுக்குத்தான் வடக்கு தெற்கு, புத்த இயல்புக்கு அது கிடையாது என்பது அவர் பதிலின் சாரம். அவருக்கு முதலில் கொடுத்த வேலை நெல் குத்துவது. அந்த விறகு விற்பவரிடம்தான் கடைசியில் ஆசிரியரின் அங்கி வந்து சேர்ந்தது. போதிதர்மர் விட்டுச்சென்ற சொத்து இது. இவ்வளவு பெரிய கதை கையில் இருந்தும், ‘7ஆம் அறிவு’ அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அவருடைய ரத்தத்தைப் பரிசோதனைக் குழாயில் தேடுகிறது.

சரி, ரத்தத்தையே பார்ப்போம். நமக்குப் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர். இப்படியே பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 மூதாதையர் இடங்கள். இருபது தலைமுறையில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 1,500 ஆண்டுக்கு 60 தலைமுறை. அவ்வளவு பழைய ஒரு குறிப்பிட்ட மனிதரிடமிருந்து மரபணுத் துண்டு ஒன்றுகூட நமக்கு வந்து சேராமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியே வந்தாலும், அவர் கற்ற சண்டையும் மருத்துவமும் அதில் வராது. கற்றது மூளையிலும் தசையிலும் பதியும், கருவுக்குள் ஏறாது. அரிச்சுவடியைப் பரம்பரையாகப் பெற்ற குழந்தை உலகத்தில் எங்கும் பிறந்ததில்லை.

கற்ற தொழில் ரத்தத்தில் இறங்கும் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் அடுத்து எதை ஒப்புக்கொள்ள வேண்டிவரும்? அர்ச்சகர் மகனுக்கு மந்திரம் ரத்தத்தில் இருக்கிறது, செருப்புத் தைப்பவர் மகனுக்கு ஊசி ரத்தத்தில் இருக்கிறது என்பதை. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடு போராடியது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இந்தப் படத்தின் மரபணு ஆய்வு என்பது வெள்ளைக் கோட்டுப் போட்ட குலக்கல்விதான்.

இந்த இடத்தில்தான் படத்தின் இன்னொரு வசனமும் வருகிறது. திறமைசாலிகள் நாட்டைவிட்டுப் போவதற்கு இட ஒதுக்கீட்டையும் சிபாரிசையும் ஊழலையும் ஒரே வரிசையில் நிறுத்திக் காரணம் சொல்கிறது படம். அது அப்போதே கண்டனத்துக்கு ஆளானது. போகிறபோக்கில் வந்துவிட்ட வசனம் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திறமை பிறப்பில் வருகிறது என்று நம்புகிற கதைக்கு, வாய்ப்புக் கொடுத்தால் திறமை வளரும் என்ற ஏற்பாடு எரிச்சலாகத்தான் இருக்கும். 1921 வகுப்புரிமை ஆணையிலிருந்து, 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்குக் காரணமான கிளர்ச்சி வரை இந்த மண்ணில் நடந்த போராட்டத்தை, சமூகநீதி பேசும் ஓர் அரசியல் குடும்பத்தின் நிறுவனம் தயாரித்த படமே ஒரு வரியில் ஊழலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது.

அந்த ஆண்டுதான் நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். அந்த வசனம் வந்தபோது தியேட்டரில் கைதட்டல் எழுந்தது. என்னோடு வந்த வகுப்பு நண்பர்களில் இருவர் தட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களும் ஒதுக்கீட்டில் வந்தவர்கள்தான், வேறு பட்டியல். இடைவேளையில் ஒருவன் எனக்கும் சேர்த்து பாப்கார்ன் வாங்கிவந்தான். நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அவனிடம் என்ன சொல்லவேண்டும் என்பதற்குச் சொற்கள் கிடைக்கத்தான் இத்தனை வருஷப் படிப்பு தேவைப்பட்டது.

எங்கள் தாத்தாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊர்த் திருவிழாவில் அவர் பறையடிப்பார். அந்த அடிக்குத்தான் மற்றவர்கள் சிலம்பம் சுற்றினார்கள். எந்த அடிக்கு எந்தக் காலடி என்று அவருக்கு மனப்பாடம். கம்பு சுற்றுபவர் தடுமாறினால் அடியை நிதானமாக்கி அவரைக் காப்பாற்றுவதும் தாத்தாதான். ஆனால் அவர் கையில் யாரும் கம்பைக் கொடுத்ததில்லை. கலை தெரிந்தவர் ஓரத்தில் நின்றார். பிறப்புத் தகுதி இருந்தவர்கள் களத்தில் நின்றார்கள். ‘வீரப் பரம்பரை’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓரம்தான் நினைவுக்கு வரும்.

ஆனாலும் இந்தப் படம் 2011இல் ஏன் நம் மக்களைத் தொட்டது என்பதைப் பேசாமல் போவது நேர்மையாகாது. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகமே கைவிட்டது என்ற வலியோடு இருந்த ஒரு சமூகத்துக்கு, உன் முன்னோன் உலகத்துக்கே ஆசான் என்று ஒருவர் சொன்னார். பல நாடுகள் சேர்ந்து ஒருவனை வீழ்த்தியதைப் பற்றிய வசனத்துக்குத் தியேட்டரே எழுந்து நின்றது. அந்த வலி உண்மை, அந்தத் தேவையும் உண்மை. அதற்குப் படம் கொடுத்த மருந்துதான் போலி. எதிரிக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. 2020இல் கொரோனா வந்தபோது, இந்தப் படம் முன்பே சொல்லிவிட்டது என்று காட்சிகளை வெட்டிப் பரப்பினார்கள். அதே மாதங்களில் நம் நகரங்களில் வடகிழக்கு மாநிலத்தவர்களைக் கொரோனா என்று கூப்பிட்டு அவமானப்படுத்தினார்கள். ஓசூரிலும் சூளகிரியிலும் உங்கள் லைனில் பக்கத்தில் நிற்கும் அஸ்ஸாம் பையனின் முகத்தை யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரையும் யோசியுங்கள். இங்கே பலர் வீட்டில் தெலுங்கு, பலர் வீட்டில் கன்னடம், பலர் வீட்டில் உருது. பள்ளியில் எல்லோரும் தமிழ். இதில் யாருடைய ரத்தத்தைச் சோதித்து யாரைத் தமிழன் என்று சான்றிதழ் கொடுப்பது? ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை கலந்தவர்களே என்று காட்டியது. கலப்பு பிறகுதான் நின்றது. நிறுத்தியது சாதிக்குள்ளேயே மணம் என்ற ஏற்பாடு. மரபணு நமக்குச் சொல்லும் உண்மையான கதை அது. அதைச் சொல்ல ஒரு படத்துக்குத் தைரியம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

இதெல்லாம் வெறும் சினிமா என்று யாராவது சொன்னால், இந்த நெடுஞ்சாலையைக் காட்டுவேன். 2018இல் ஓசூர்ப் பக்கத்தில் சாதி மீறி மணந்த ஓர் இளம் இணையரைக் கடத்திக் கொன்று, கர்நாடகத்தில் காவிரியில் வீசினார்கள். 2023இல் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாதி மீறி மணந்ததற்காக ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் படித்தவர்கள் இல்லை. ரத்தம் கெட்டுவிடும் என்ற ஒரு நம்பிக்கை போதுமானதாக இருந்தது. ரத்தத்தைப் புனிதமாக்கும் ஒவ்வொரு கதையும், அது பெருமையாகவே சொல்லப்பட்டாலும், அந்த நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

படத்தில் பௌத்தம் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். 1898இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, 1907 முதல் தம் இதழில் தமிழ்ப் பௌத்தத்தின் வரலாற்றை எழுதியபோது, சாதியற்ற ஒரு கடந்தகாலத்தைத் தேடினார். அவர் தேடியது அரச வம்சத்தை இல்லை, அறத்தை. நமக்குப் பக்கத்துச் சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலை புத்தருடையதுதான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேடவேண்டிய புத்தர் ஊருக்கு அருகில் நிற்கிறார். படமோ போதிதர்மரைச் சண்டைக்காரராகவும் மருத்துவராகவும் காட்டி, அவர் எதற்காக அரண்மனையை விட்டார் என்பதை ஓரமாக விட்டுவிட்டது.

நல்ல உதாரணம் தமிழிலேயே இருக்கிறது. 2021இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’. அதன் இரண்டாம் பாதியும் இழுக்கிறது என்று புகார் உண்டு. ஒப்புக்கொள்கிறேன், இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே நேரம் எதில் செலவாகிறது? கபிலன் வீழ்கிறான், குடிக்கிறான், உடம்பு கனக்கிறது, பிறகு கடற்கரையில் ஒரு பெரியவரிடம் முதலிலிருந்து பழகுகிறான். தலைப்பில் பரம்பரை என்று இருந்தாலும் அது வாத்தியார் வழியில் வரும் பரம்பரை. ரங்கன் வாத்தியார் தன் சொந்த மகனை விட்டுவிட்டுக் கபிலனைத் தேர்ந்தெடுப்பதில்தானே அந்தக் கதையின் சண்டையே தொடங்குகிறது? அந்தத் தொய்வை நான் பொறுத்துக்கொள்வேன். மனிதன் மாறுவதற்கு ஆகும் நேரம் அது.

கடைசியாக ஒரு வேலை. அரசு வேலைவாய்ப்புக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆக, கம்புக்கு இப்போது சான்றிதழும் வேலையும் உண்டு, அதுவும் ஒதுக்கீட்டின் வழியாக. அப்படியானால் கம்பு யார் கையில் போகிறது என்பது அரசியல் கேள்வி. இங்கே வந்திருப்பவர்களில் சிலம்பம் தெரிந்த தோழர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். காலனிப் பிள்ளைகள், பெண் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்து வந்து வாடகை லைன் வீடுகளில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், எல்லோருக்கும் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் கம்பைக் கொடுங்கள். பறையை நான் எடுத்துவருகிறேன், தாத்தாவுடையது இன்னும் வீட்டில் இருக்கிறது.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது. கேள்விகள் இருந்தால் டீக்கடையில் பேசுவோம்.